கொரேகாவ் தூணில் 49 பெயர்கள்

(மாணவர்களுக்கான வரலாற்றுப் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



நினைவுச் சின்னங்கள் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நினைவுச் சின்னம் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குக் காட்டியது என்ன? தஞ்சாவூர்க் கோபுரம், செஞ்சிக் கோட்டை, திருமலை நாயக்கர் மகால். கட்டியது யார் என்று கேட்டால் ராஜா பெயரைச் சொல்ல வேண்டும். அப்பத்தான் மார்க்கு. கல் சுமந்தவன் எந்தத் தெருவில் குடியிருந்தான், கட்டி முடித்த பிறகு அவனை உள்ளே விட்டார்களா என்கிற கேள்வி பாடப்புத்தகத்தில் இல்லை. இதையெல்லாம் நாம் பல மேடைகளில் பேசியாகிவிட்டது. இன்றைக்கும் அதையே பேசிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. 'எங்க பேரு எந்தக் கல்லுலயும் இல்ல' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் அல்லவா? பேர் இருக்கிற ஒரு கல்லைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பேர் இருந்துட்டா பிரச்சினை தீர்ந்துடுதா என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

மராட்டியத்தில் புனேயிலிருந்து வடகிழக்கே அகமதுநகர் போகும் சாலை. அந்த ஊருக்கு இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அந்தச் சாலையில் சுமார் 30 கிலோமீட்டரில் பீமா ஆறு குறுக்கிடுகிறது. ஒரு கரையில் கொரேகாவ் பீமா. மறுகரையில் பெர்ணே கிராமம். ஊர் உலகத்துக்குக் கொரேகாவ் தூண் என்று பெயர், ஆனால் தூண் நிற்பது பெர்ணே பக்கம். சதுர மேடை. அதன்மேல் போகப்போகக் குறுகிக்கொண்டே போகும் கல்தூண், 60 அடிக்கு மேல் உயரம். சிற்பம் கிடையாது, சாமி கிடையாது, ராஜாவின் தலை கிடையாது. பளிங்குப் பலகைகளில் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எழுதியிருக்கிறது. அதில்தான் செத்தவர்களின் பெயர்கள். மொத்தம் 49.

இந்தத் தூணை நட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. 1821இல் அடிக்கல் போட்டார்கள். கிழக்கே பிரிட்டிஷ் படை பெற்ற பெருமைமிக்க வெற்றிகளில் ஒன்று என்று எழுதிவைத்தார்கள். அதாவது கொள்ளையடிக்க வந்தவன் தன் வெற்றிக்காகத் தானே நட்டுக்கொண்ட கல். இப்படிப்பட்ட கற்கள் இந்தியாவில் பல ஊர்களில் இருக்கின்றன. கேட்க நாதியில்லை. ஆட்டை மேய்க்கிறவன் நிழலுக்கு ஒதுங்குவான், அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு தூணுக்கு ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 1ஆம் தேதி லட்சக்கணக்கில் தலித் மக்கள் வருகிறார்கள். நான் ஒருமுறை போயிருக்கிறேன். நீலக்கொடி, சமதா சைனிக் தளத் தோழர்களின் அணிவகுப்பு, வரிசை வரிசையாகப் புத்தகக் கடைகள். திருவிழாவில் பலூன்கடை பார்த்திருப்பீர்கள், இத்தனை புத்தகக்கடை பார்த்திருக்க மாட்டீர்கள். கைப்பிள்ளையோடு வந்த பெண்கள் அம்பேத்கர் நூல்களை பேரம் பேசி வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு மராத்தி தெரியாது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் எனக்காக இந்தியில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: 'நாக், நாக், நாக்'. பலகையில் எந்தெந்தப் பெயர் 'நாக்' என்று முடிகிறதோ அதையெல்லாம் விரல் வைத்துக் காட்டினார். மகர்கள் பெயருக்குப் பின்னால் நாக் என்று வைப்பது அந்தக் காலத்து வழக்கம். 49இல் 22 பெயர்கள் அப்படி முடிகின்றன.

இப்ப சண்டைக்கு வருவோம். '500 மகர்கள் 28,000 பேஷ்வா படையைத் தோற்கடித்தார்கள். அன்றோடு பார்ப்பன பேஷ்வா ஆட்சி முடிந்தது.' நம்ம துண்டறிக்கைகளில் இப்படித்தான் இருக்கிறது. சுவரொட்டியிலும் இதுதான். நடந்தது என்ன?

1817 டிசம்பர் 31 இரவு கேப்டன் ஸ்டாண்டன் என்பவன் தலைமையில் கம்பெனியின் படைப்பிரிவு ஒன்று சிரூரிலிருந்து புனேயை நோக்கிப் புறப்படுகிறது. பம்பாய்ச் சிப்பாய்ப் படையின் முதல் ரெஜிமென்ட், இரண்டாம் பட்டாளம், காலாட்கள் 500 பேர் அளவில். அதோடு குதிரைப்படை 300 பேர் வரை. இரண்டு பீரங்கிகள், அவற்றை இயக்க சென்னைப் பீரங்கிப் படையின் ஆட்கள் 24 பேர். சென்னை என்றதும் பூரித்துப் போகாதீர்கள், அந்த 24 பேரும் வெள்ளைக்காரர்கள். மொத்தத்தில் 834 பேர் என்பது கணக்கு. இரவெல்லாம் சுமார் 40 கிலோமீட்டர் நடந்து காலை பத்து மணிவாக்கில் பீமா ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தால், எதிர்க்கரையில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் முழுப்படையும் நிற்கிறது. 28,000 என்பது அந்த முழுப்படையின் கணக்கு. ஊருக்குள் புகுந்து சண்டை போட்டது அதில் ஒரு பகுதிதான். அறுநூறு அறுநூறு பேராக மூன்று காலாட்பிரிவு, ஏறத்தாழ 2000 பேர். அதிலும் முன்னால் நின்றவர்கள் அரபிகளும் கோசாயிகளும். கூலிக்கு வந்த வீரர்கள்.

கம்பெனிப்படை கொரேகாவ் ஊரின் மண்சுவர்களுக்குள் புகுந்துகொண்டது. தெருத்தெருவாக, வீடுவீடாகச் சண்டை. ராத்திரி முழுக்க நடந்த கால், வயிற்றில் சோறில்லை. ஆறு கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது, இறங்கித் தண்ணீர் எடுக்க வழியில்லை. பகல் முழுக்கத் தாகத்தோடு நின்று சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரு பீரங்கி எதிரி கைக்குப் போய், திரும்ப மீட்கப்பட்டது. சரணடைந்துவிடலாம் என்று சிலர் சொல்ல, அதிகாரி மறுத்துவிட்டான். இரவு ஒன்பது மணிவாக்கில்தான் சுடுவது நின்றது. அதற்குப் பிறகுதான் தண்ணீர். 834 பேரில் 275 பேர் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள். பேஷ்வா தரப்பில் இழப்பு 500, 600 என்று சொல்லப்படுகிறது. விடிந்தால் கம்பெனியின் பெரிய படை வந்து சேர்ந்துவிடும் என்று பயந்து பேஷ்வா படையை நகர்த்திக்கொண்டு போய்விட்டார். ஸ்டாண்டனும் புனே போகவில்லை, மறுநாள் ராத்திரி சிரூருக்கே திரும்பிவிட்டான். கொரேகாவை விடாமல் பிடித்து நின்றார்கள் என்பதுதான் நடந்தது. அது ஒன்றும் சின்னக் காரியமில்லை.

ஆனால் அன்றோடு பேஷ்வா ஆட்சி முடியவில்லை. அதற்கு முன்பே, 1817 நவம்பரிலேயே, புனே விழுந்துவிட்டது. சனிவார் வாடா அரண்மனையில் கம்பெனிக்கொடி ஏறிவிட்டது. தலைநகரத்தை இழந்து அலைந்துகொண்டிருந்த பேஷ்வா கொரேகாவுக்குப் பிறகும் ஐந்து மாதம் ஓடினார். 1818 ஜூன் மாதம்தான் சரணடைந்தார். அப்புறம், கம்பெனிப்படை முழுக்க மகர்களும் இல்லை. தூணிலேயே இருக்கிறதே. 22 போக மீதியில் மராத்தாக்கள் இருக்கிறார்கள், ராஜபுத்திரர்கள் இருக்கிறார்கள், முஸ்லிம்கள் இருக்கிறார்கள், கொங்கணத்து யூதர்கள்கூட இருக்கிறார்கள்.

'என்ன தோழர், நம்ம பெருமையைக் குறைக்கிறீங்களே' என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நான் எதையும் குறைக்கவில்லை. பேஷ்வா ஆட்சியில் புனே நகரத்தில் தீண்டப்படாதவன் எப்படி நடமாடினான்? 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொள்ள வேண்டும், தான் நடந்த தடத்தைத் தானே கூட்டிக்கொண்டே போக. கழுத்தில் மண்சட்டி தொங்க வேண்டும், எச்சிலைத் தரையில் துப்பாமல் சட்டிக்குள் துப்ப. தன் காலடியும் தன் எச்சிலும் தெருவில் கிடந்தால் தெரு தீட்டு. அதே புனேக்குப் போகும் பாதையில், அந்தச் சாதியில் பிறந்தவன் துப்பாக்கியோடு சுவரோரம் ஒரு பகல் முழுக்க நின்றான், பேஷ்வா தூரத்து மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இது நடந்த உண்மை. இதுக்கு மேல சேர்க்கிறதுக்கு என்ன இருக்கு? 28,000 என்கிற எண்ணை ஊதி ஊதிப் பெரிதாக்க வேண்டிய அவசியம் நமக்கு எங்கே வந்தது?

அவர்கள் சாதியை எதிர்த்தா சண்டை போட்டார்கள்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக்கூடாது. அந்த 22 பேர் மனசில் என்ன ஓடியது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட நமக்கு எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. சம்பளத்துக்குப் போன சிப்பாய்கள். அதற்கு முன்னால் சிவாஜியின் கோட்டைகளைக் காத்ததும் மகர்கள்தான். ஆனால் சம்பளம் என்றால் இன்றைய அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊர்ச்சேவகம் என்ற பெயரில் செத்த மாட்டை இழுத்து, ஊருக்குத் தகவல் சொல்ல ஓடி, வாசலில் கைநீட்டி வாங்குகிற பழைய சோறு. அதை விட்டு மாசம் பிறந்தால் காசு, உடுத்தச் சீருடை, கிழவனானால் பென்ஷன். படைக் குடியிருப்புகளில் சிப்பாயின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆணுக்கும் பெண்ணுக்கும். அக்ரகாரத்துக்கு வெளியே எழுத்து வந்த வழிகளில் அது ஒன்று. அம்பேத்கரே அந்த வழியில் வந்தவர். அப்பா ராம்ஜி படையில் சுபேதார், படைப்பள்ளியில் ஆசிரியர். அம்மாவின் தகப்பனாரும் சுபேதார். அவர் பிறந்த மவ், ஒரு ராணுவக் குடியிருப்பு. சேரியை விட்டு வெளியே போக இருந்த ஒரே கதவு பட்டாள முகாமின் கதவு என்றால், அதற்குள் நுழைந்தவனைப் பார்த்து 'நீ ஏன் வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்டாய்' என்று கேட்கும் தேசபக்தர்கள், அந்தத் துடைப்பத்துக்கும் சட்டிக்கும் முதலில் பதில் சொல்லட்டும்.

அந்தக் கதவையும் வெள்ளைக்காரன் சாத்தினான். நமக்கு முக்கியமான இடம் இதுதான்.

தூணை நட்ட கம்பெனி, அதைப் பராமரிக்கும் பொறுப்பை மகர் ஒருவரிடம் கொடுக்கவில்லை. சண்டையில் காயம்பட்ட மால்வத்கர் என்ற மராத்தா ஜமேதாருக்குக் கொடுத்தது, நிலத்தோடு. 1857க்குப் பிறகு படையில் யாரைச் சேர்ப்பது என்ற கணக்கு மாறியது. 'வீரமரபுச் சாதிகள்' என்று ஒரு சித்தாந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்தச் சாதிக்குப் பிறவியிலேயே வீரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று வெள்ளைக்காரத் தளபதிகள் பட்டியல் போட்டார்கள். மனு எழுதியதை இவன் இங்கிலீஷில் எழுதினான், வேறென்ன? உயர்சாதிச் சிப்பாய்கள் மகர் அதிகாரிக்குக் கீழே நிற்க மாட்டோம் என்றதும் அவனுக்கு வசதியாகப் போயிற்று. 1892இல் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அம்பேத்கருக்கு அப்போது ஒரு வயது.

யோசித்துப் பாருங்கள். கொரேகாவில் 22 பேர் பெயரைப் பளிங்கில் பொறித்து வைத்துக்கொண்டே, அவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து 'நீங்கள் வீரமரபு இல்லை, போங்கள்' என்கிறான். அந்த நாளிலிருந்துதான் அந்தக் கல் நம்முடைய கல்லாக மாறத் தொடங்கியது என்பது என் எண்ணம். வெற்றித்தூணாக அல்ல, கடன் பத்திரமாக. நீ வாங்கின கடன் இதோ, உன் கையெழுத்து இதோ, கொடு என்று கேட்க ஒரு ஆதாரம். ஓய்வுபெற்ற சிப்பாய் கோபால் பாபா வலங்கர் 1894இல் மனு எழுதினார். புனேயில் சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910இல் மறுபடி மனு எழுதினார். காம்ப்ளே யார் தெரியுமா? வெள்ளைக்காரர்களிடம் சமையல்கட்டு, சாப்பாட்டு மேசை வேலை பார்த்து, தானாகப் படித்து, 'சோம்வம்சீய மித்ரா' என்று பத்திரிகை நடத்தியவர். கொரேகாவ் தூணடியில் கூட்டம் கூட்டும் வழக்கத்தை வளர்த்தவரும் அவர்தான். நம்ம தமிழ்ப் பத்திரிகைகளில் இவரைப் பற்றி ஒரு பக்கம்கூட வந்து நான் பார்த்ததில்லை. கிழக்கே மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், பல நாடுகளில் போய் மண் வெட்டி, பாலம் போட்டு, செத்தார்கள். அவர்கள் பெயரை இப்படி விரல் வைத்துக் காட்ட நமக்கு ஒரு கல் கிடைக்கவில்லை.

அதே 1892இல் சென்னை மாகாணத்தில் வேறொன்று நடந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் பேரில், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். அங்கே கல்லில் இருந்த பெயரைக் காட்டிப் படைவேலை கேட்டார்கள். இங்கே காகிதத்தில் இருந்த நிலத்தைக் காட்டி நிலம் கேட்டோம், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பதுதான் இரண்டு பக்கமும்.

1927 ஜனவரி 1. அம்பேத்கர் கொரேகாவ் தூணுக்கு வருகிறார். காம்ப்ளேவும் மற்றவர்களும் ஏற்பாடு செய்த கூட்டம். அந்தக் கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையில் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன். 78 நாள். 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத் நகரத்தில் சவுதார் குளத்தில் இறங்கி அள்ளித் தண்ணீர் குடித்தார்கள். பொதுக்குளங்களை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1923இலேயே எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியிருந்தது. மகாத் நகராட்சியும் 1924இல் ஒப்புக்கொண்டு எழுதிவிட்டது. காகிதத்தில் குளம் திறந்து கிடக்கிறது, கரையில் ஒருத்தரையும் விடவில்லை. ஆயிரக்கணக்கில் போய் இறங்கினார்கள். கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று புரளி கிளப்பி, திரும்பிக்கொண்டிருந்த மக்களைத் தேடித்தேடி அடித்தார்கள். பிறகு 108 குடம் தண்ணீரை இறைத்து, மாட்டுச்சாணமும் மூத்திரமும் கலந்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். மாட்டு மூத்திரத்தில் சுத்தமாகிற குளம் மனுஷன் கை பட்டா அசுத்தமாம்.

மகாத் கூட்டத்தில் படையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் பலர் இருந்தார்கள். திருப்பி அடிக்க அவர்களுக்குத் தெரியும். அம்பேத்கர் வேண்டாம் என்றார். துப்பாக்கி பிடித்துப் பழகின கைகள் அன்றைக்குச் சும்மா இருந்தன. அந்தக் கட்டுப்பாட்டையும் வீரக்கணக்கில் சேர்த்து எழுத நாம் இன்னும் பழகவில்லை. குளத்துக்கான வழக்கு பத்தாண்டு நடந்தது. 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. இடையில், 1927 டிசம்பர் 25இல் அதே மகாத்தில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. அந்தத் தேதி நம் ஊரில் 1968இல் வேறு நெருப்புக்கு உரியதாயிற்று, அதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

அம்பேத்கர் கொரேகாவ் தூணைப் பார்த்து வெள்ளைக்காரனுக்கு நன்றி சொன்னாரா? 1930 நவம்பரில் லண்டன் வட்டமேசையில் அவர் பேசியதைப் படியுங்கள். நம்ம இரட்டைமலை சீனிவாசனும் அந்த மாநாட்டில் பிரதிநிதியாக இருந்தார். பிரிட்டிஷார் வருவதற்கு முன் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியவில்லை, இப்போது முடிகிறதா? கோயிலுக்குள் போக முடியவில்லை, இப்போது முடிகிறதா? போலீசில் சேர முடியவில்லை, இப்போது முடிகிறதா? படையில்? இப்படி வரிசையாகக் கேட்டுவிட்டு, எங்கள் காயங்கள் அப்படியே திறந்து கிடக்கின்றன என்ற பொருளில் பேசினார். வெள்ளைக்காரனின் மேசையில் உட்கார்ந்து அவன் முகத்துக்கு நேரே. தூணடியில் நின்ற அதே மனிதர்தான். கல்லை வைத்துக்கொண்டு அவர் செய்தது வசூல், வழிபாடு அல்ல. 1941இல் வைஸ்ராயின் பாதுகாப்புக் கவுன்சிலில் இடம் கிடைத்தபோது மகர்களுக்குத் தனிப் படைப்பிரிவு வேண்டும் என்று வற்புறுத்தினார், அதே ஆண்டு மகர் ரெஜிமென்ட் உருவானது. அதன் முதல் சின்னத்தில் கொரேகாவ் தூண் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு தூணை எடுத்துவிட்டுக் குத்துவாளை வைத்துவிட்டார்கள். சின்னத்தில் இருந்த தூண் போய்விட்டது, ஆற்றங்கரைத் தூண் அப்படியே நிற்கிறது.

இனி சமீபத்துக் கதை. 2018 ஜனவரி 1, இருநூறாவது ஆண்டு. முந்தின நாள் புனேயில், பேஷ்வாவின் அதே சனிவார் வாடா முன்னால் எல்கர் பரிஷத் என்ற பெயரில் கூட்டம். அதற்கும் இரண்டு மூன்று நாள் முன்னால், பக்கத்து ஊரான வடு புத்ரூக்கில் கோவிந்த் கோபால் என்ற மகரின் சமாதி பற்றிய அறிவிப்புப் பலகையை உடைத்திருந்தார்கள். 1689இல் அவுரங்கசீப் கொன்றுபோட்ட சம்பாஜியின் உடலுக்கு இறுதிச்சடங்கு செய்தவர் அவர் என்பது மக்கள் நம்பிக்கை. ஒரு மகர் அதைச் செய்தார் என்று ஒரு பலகையில் எழுதினதைப் பொறுக்க முடியவில்லை. ஜனவரி 1 அன்று தூணுக்குப் போன மக்கள்மீது கல் வீசினார்கள், வண்டிகளை எரித்தார்கள். மராத்தா சமூகத்து இளைஞர் ஒருவர் அந்தக் கலவரத்தில் உயிரிழந்தார். ஜனவரி 3 மாநிலம் முழுக்க முழுஅடைப்பு.

அதே நாட்களில் ஆனந்த் டெல்டும்டே ஒரு கட்டுரை எழுதினார். கொரேகாவ் பற்றி நாம் சொல்லிக்கொள்வது புனைவு, கம்பெனியின் காலனிய நலனுக்காக நடந்த போரைச் சாதிஒழிப்புப் போராகக் காட்டக்கூடாது, இப்படிப்பட்ட பெருமிதம் நாம் கடக்க நினைக்கிற அடையாளத்தையே இறுக்கிவிடும் என்பது அவர் வாதம். நம் தோழர்கள் பலர் கொதித்துப் போனார்கள், அவரைத் திட்டித் தீர்த்தார்கள். பிறகு என்ன ஆயிற்று? எல்கர் பரிஷத் வழக்கில் அவரையே குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தார்கள். 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளன்று, அம்பேத்கரின் பேத்தியை மணந்த மனிதர் சரணடைந்து சிறைக்குப் போனார். 2022 நவம்பரில்தான் பிணையில் வெளியே வந்தார். கொரேகாவைக் கொண்டாடாதே என்று எழுதினவரை, 'பீமா கொரேகாவ் வழக்கு' என்று ஊர் சொல்லும் வழக்கில் இரண்டரை வருஷம் உள்ளே வைத்தது அரசு. கட்டுரையைப் படிக்கவே இல்லை போலிருக்கிறது!

அந்த வழக்கில் கைதான 16 பேரில் ஒருவர் நம் திருச்சி மாவட்டத்துக்காரர். ஸ்டேன் சுவாமி. யேசுசபைத் துறவி, நெடுங்காலம் ஜார்க்கண்டில் பழங்குடி மக்களோடு இருந்தவர். பீமா கொரேகாவுக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை என்று கைதாகும் முன்பே அவர் சொல்லியிருந்தார். 2020 அக்டோபரில் கைது. நடுக்குவாத நோயால் டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியவில்லை, உறிஞ்சு குழல் வைத்த குவளை வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. விசாரணை தொடங்காமலே 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்தார். 84 வயது. தூணில் அவர் பெயரைப் பொறிக்க மாட்டார்கள். ஆனால் கொரேகாவின் பெயரால் செத்தவர்கள் கணக்கில் அவர் வருகிறாரா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

டெல்டும்டேயோடு எனக்கு உடன்பாடும் உண்டு, முரண்பாடும் உண்டு. உண்மையை ஊதக்கூடாது என்பதில் அவர் பக்கம். 1818இல் நடந்ததை மட்டும் வைத்து அந்தத் தூணை அளப்பதில் அவர் பக்கம் இல்லை. அந்தத் தூணுக்கு 1818 மட்டுமா வயது? 1892 இருக்கிறது, 1927 இருக்கிறது, 2018 இருக்கிறது. நூறு வருஷமாக ஜனங்கள் சோத்துமூட்டை கட்டிக்கொண்டு நடந்து நடந்து அதற்கு வேறு அர்த்தத்தைக் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனிக்காரன் எழுதின வாசகத்தை இன்றைக்கு அங்கே யார் நின்று படிக்கிறான்? எல்லார் கண்ணும் பெயர்ப்பலகையில்தான்.

நமக்கும் கற்கள் இருக்கின்றன. வெண்மணியில் 44 பேர் பெயர் இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் 1994இல் பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்து, இது எங்கள் நிலம் என்று சொன்னார்கள். அந்தச் சிலையை அகற்றியதை எதிர்த்துத் திரண்டபோது, அக்டோபர் 10 அன்று, துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அங்கே சிலை என்பது நிலத்தின் நாலு எல்லைக்கும் நடுவில் நட்ட சர்வேக்கல். சிலை எதற்கு, செலவு எதற்கு என்று கேட்கும் நம்ம முற்போக்கு நண்பர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இடைவேளையில் ஒரு மாணவத் தோழர் என்னிடம் 'ஜனவரி 1க்கு நாங்க பத்துப் பேர் கொரேகாவ் போகலாம்னு இருக்கோம், எப்படிப் போறது' என்று கேட்டார். ரயிலில் புனே போய்விடுங்கள், அங்கிருந்து பேருந்து. கூட்டம் அதிகமாக இருக்கும், கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும், தண்ணீர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகக் கடைகளுக்காகக் கொஞ்சம் காசு மிச்சம் வையுங்கள். யாராவது ஒருத்தர் நோட்டும் பேனாவும் கொண்டு போங்கள். நெரிசலில் மேடையில் ரொம்ப நேரம் நிற்க விடமாட்டார்கள், அதனால் ஒருவர் படிக்க ஒருவர் எழுதுங்கள். நாக் என்று முடிகிற 22ஐ மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். 49 பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள், நம்ம பத்திரிகையில் அப்படியே அச்சடிப்போம்.